சுங்கத் தெருவின் கடைசி வீடு

வேலாம்பாக்கம் நகராட்சியின் பதினான்காவது வார்டில், சுங்கத் தெருவில், முப்பத்து நான்காம் எண் வீட்டில் குடியிருந்த நாகஜோதி, கவுன்சிலர் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனுப் போட்டு, சீப்புச் சின்னம் வாங்கி, ஒரு வியாழக்கிழமை காலை ஒன்றாம் எண் வீட்டில் கும்பிட ஆரம்பித்து வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டே வந்து, பதினோரு மணி வெயிலில் தன் சொந்த வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தாள். உள்ளே பழைய பிரிட்ஜ் ஒன்றுக்குள் தலையை விட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த தன் கணவன் தவசியிடமும், வந்த வேகத்தில், "சீப்புச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுங்கண்ணே" என்று கைகூப்பிச் சொல்லிவிட்டாள்.

"யாருக்கு யாருடி அண்ணன்?" என்றான் தவசி, தலையை வெளியே எடுக்காமலே.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, முப்பத்து மூன்று வீடுகளிலும் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியையும் கேட்டாள்: "இதுக்கு அங்கிட்டு வீடு இருக்கா?"

"இருக்கே" என்றான் தவசி, பிரிட்ஜுக்குள்ளிருந்து.

இருந்தது. சுங்கத் தெரு உண்டான நாள் முதலாக முப்பத்து நான்காம் எண்தான் அதன் கடைசி வீடு. அதற்கு அப்பால் வேலிக்கருவை மண்டிய புறம்போக்கு, புறம்போக்குக்கு அப்பால் ரயில் தண்டவாளம், அவ்வளவுதான். இப்போதும் வேலிக்கருவை இருந்தது, தண்டவாளமும் இருந்தது, இரண்டுக்கும் நடுவே முப்பத்தைந்தாம் எண் வீடும் இருந்தது. வாசலில் துணி காய்ந்தது, உள்ளே தையல் மிஷின் ஓடியது. வீடு இருந்தால் போய்க் கதவைத் தட்டத்தானே வேண்டும், அவள் போய்த் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் தையல்காரர் சுலைமான் பாய். கழுத்தில் அளவு நாடாவோடு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓட்டுக் கேக்கவா வந்தீங்க? பதினாறு வருஷமா இங்கதான் இருக்கோம். எல்லாரும் முப்பத்தி நாலோட திரும்பிடுவாங்க. உக்காருங்கம்மா, டீ போடச் சொல்றேன்" என்றார்.

அந்தக் கேள்வி நாகஜோதிக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் ஆளாளுக்கு அதற்கு ஒரு மாந்திரீகக் கதை கட்டினார்கள். அவள் தேனிப் பக்கத்துக்காரி. அங்கே பத்து வருஷம் போலியோ சொட்டு மருந்து முகாமில் வேலை பார்த்தவள். முகாம் முடிந்த மறுநாள் கையில் சாக்பீஸும் தோளில் மருந்துப் பெட்டியுமாகத் தெருத் தெருவாகப் போய், விட்டுப்போன பிள்ளை இருக்கிறதா என்று விசாரித்து, சுவரில் அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்து கிளம்பும்போதும் இதுக்கு அங்கிட்டு வீடு இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். தோப்புக்குப் பின்னால் ஒரு குடிசை இருக்கும், கிணற்றுமேட்டில் ஒரு குடும்பம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தானே தெரியும். கேட்டுக் கேட்டு அது அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது. எங்கே போய்விட்டுக் கிளம்பினாலும், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், வாசல்படி இறங்கும்போது வாய் தானாகக் கேட்டுவிடும்.

அவள் ஏன் தேர்தலில் நின்றாள் என்பதற்கும் கதை பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தவசியின் தொழிலுக்காக இங்கே வந்து சேர்ந்த முதல் மழைக்காலத்தில், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, நிவாரணப் பாலும் ரொட்டியும் ஒன்றாம் எண்ணில் தொடங்கிக் கொடுத்துக்கொண்டே வந்து, முப்பத்து மூன்றோடு தீர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் மேல் குற்றமில்லை. தீர்ந்துவிட்டது, திரும்பிவிட்டார்கள். நாகஜோதி கையில் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். மூன்று வருஷமாகியும் தெருவில் அவளுக்குப் பெயர், 'முப்பத்தி நாலுக்குக் குடிவந்திருக்குற பொண்ணு'. கவுன்சிலர் நாற்காலியை அவள் மனதார விரும்பினாள். அதில் உட்கார்ந்துகொண்டு, விட்டுப்போன வீடு என்று ஒன்று இந்த வார்டில் இருக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட விரும்பினாள். ஆசைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

சுலைமான் பாய் வீட்டில் டீ குடித்துவிட்டு இறங்கும்போது வாய் கேட்டது. "இருக்கும்மா, முப்பத்தாறுல பூக்கட்டுறவங்க இருக்காங்க" என்றார் பாய். முப்பத்தாறில் கேட்டதும் முப்பத்தேழு, முப்பத்தேழில் கேட்டதும் முப்பத்தெட்டு, இப்படியே அன்று பொழுது சாய்வதற்குள் தெரு ஐம்பத்தொன்று வரை போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பல வருஷமாகக் குடியிருக்கும் மனிதர்கள், பழுத்துப்போன காலண்டர்கள், ஓட்டை விழுந்த குடங்கள், யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த குறைகள். கேட்டுக்கொண்டு வந்ததில் நாகஜோதிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு தீர்ந்தது.

தெரு நீண்டுவிட்ட சேதியைச் சுங்கத் தெருக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்துக்கொண்டவர் பால்காரர். மறுநாளே சைக்கிளில் இரண்டு கேன் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் இருந்த மாடு அதே இரண்டுதான், ஆனால் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் வேலாம்பாக்கத்தில் எப்போதுமே கிடையாது. ஆட்டோக்காரர்கள் 'நேற்றைய கடைசி வீடு', 'இன்றைய கடைசி வீடு' என்று இரண்டு ரேட் வைத்தார்கள். தபால்காரர் தன் பீரோவுக்கு அடியில், 'இப்படி ஒரு விலாசம் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்ப மனம் வராமல் வைத்திருந்த கடிதங்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்; அதில் ஒன்று இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை, ஐம்பத்தேழாம் எண்காரர்கள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, நல்லவேளை நேரத்துக்கு வந்தது என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு திரும்பி வந்தார்கள். பத்தொன்பதாம் எண்ணில் ஆறு வருஷமாகச் செவ்வாய் தோஷத்துக்குப் பொருத்தம் கிடைக்காமல் திண்டாடிய பையனுக்கு எழுபத்தாறில் பெண் அமைந்தது.

நகராட்சியிலிருந்து ஓவர்சியர் வந்து நாடா பிடித்தார். வெளியே, வேலிக்கருவைக்கு அந்தப் பக்கமாக அளந்தால் சுங்கத் தெரு வரைபடத்தில் உள்ளபடி இருநூற்றுப் பத்து மீட்டர். உள்ளே தெருவழியாக அளந்தால் எண்ணூற்று நாற்பது மீட்டர், அதற்குள் நாடா தீர்ந்துபோய் ஓவர்சியருக்கும் கால் வலித்தது. "ரெண்டும் சரியாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டு, எண்பதாம் எண் வீட்டில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் புதுப் பகுதிக்குப் பெயரும் வந்துவிட்டது. வேலாம்பாக்கத்தில் அந்தப் பக்கம் என்பதை 'அந்தாண்ட' என்பார்கள். நாகஜோதி மட்டும்தான் 'அங்கிட்டு' என்பவள், அதற்காக மூன்று வருஷமாகக் கேலிக்கும் ஆளானவள். இப்போது எல்லாருமே 'அங்கிட்டு' என்றார்கள். அங்கிட்டுல நல்ல கீரை கிடைக்குது, அங்கிட்டுப் பசங்க நல்லா பந்து போடுறானுங்க, அங்கிட்டுக்காரம்மா ஒருத்தி கழுத்துச் சுளுக்கு எடுக்கிறாளாம். விந்தை என்னவென்றால், அங்கிட்டுக்காரர்கள் நாகஜோதியை அழைத்த விதம். 'ஊர்க்காரம்மா வந்திருக்காங்க, நாற்காலி போடு' என்றார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது யாரைச் சொல்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று தேர்தலாக அந்த வார்டில் ஜெயித்து வந்தவர் கோதண்டபாணி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கேட்டால் செய்வார், கேட்காவிட்டால் ஞாபகம் இருக்காது. அவர் மேளதாளத்தோடும் ஒரு கட்டு சால்வையோடும் அங்கிட்டுக்குப் போய், அன்றைய கடைசி வீட்டில் சால்வை போர்த்திவிட்டு, வீடு முளைக்கட்டும் என்று காத்து நின்றார். முளைக்கவில்லை. மேளக்காரர் அவர் காதில், "அண்ணே, ஏதோ கேக்கணுமாம்" என்றார். கோதண்டபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏம்பா, இதுக்கு அந்தாண்ட ஓட்டு இருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லீங்களே" என்றார். அன்று மேளம் அடிக்காமலே திரும்பி வந்தது.

ஆனால் கோதண்டபாணி கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. வாக்காளர் பட்டியலில் சுங்கத் தெரு முப்பத்து நான்காம் எண்ணோடு முடிந்துவிடுகிறது. அங்கிட்டுக்காரர் ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது.

"ஓட்டே இல்லாத எடத்துல போயி நாள் பூரா ஓட்டுக் கேக்குறியே, வெயில்ல மூளை கீளை உருகிப்போச்சா?" என்றான் தவசி.

"நான் எங்க ஓட்டுக் கேக்குறேன்? ஒரு வீட்டுல பேசிட்டு இறங்குறப்ப அடுத்த வீடு தெரியுது. தெரிஞ்சப்புறம் எப்படித் திரும்பி வர்றது, நீயே சொல்லு."

மறுநாள் அவள் கிளம்பும்போது தவசி ஒரு தண்ணீர் பாட்டிலை ஐஸாக உறையவைத்துக் கையில் கொடுத்தான். தெரு நூற்றைத் தாண்டியது, நூற்றைம்பதைத் தாண்டியது, இருநூற்றைத் தொட்டது.

இருநூற்றைத் தொட்டதும்தான் பயம் வந்தது. சுங்கத் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் மாவு மில் பங்கஜவல்லி. ஒன்றாம் எண் வீட்டுக்காரி, தெருமுனையில் அவளுடைய மில். அங்கிட்டிலிருந்து கேழ்வரகும் கம்பும் கோதுமையுமாக மூட்டை மூட்டையாக வந்து மில்லில் வரிசை நின்றது, அவளுக்கு அதில் லாபமே தவிர நஷ்டமில்லை. என்றாலும் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறதே. ஒரே டேங்க், ஒரே குழாய், காலையில் ஒரு மணி நேரம். இருநூறு வீட்டுக்கு அது எப்படிக் காணும்? பங்கஜவல்லி தினமும் எண்ணிப் பார்த்தாள். வழக்கம்போலப் பதினோரு குடம்தான் வந்தது. பன்னிரண்டாம் நாளும் பதினோரு குடம்தான். குறையவில்லை, ஆனால் குறையப்போகிறது என்பது எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. அதே தண்ணிதான், ஆனா முன்ன மாதிரி இல்ல என்று குடத்துக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். குடம் நிறைந்திருக்கும்போதே தாகம் எடுக்கிற மாதிரி ஒரு பயம் அது.

பிரச்சாரத்தின் கடைசி நாள் காலையில், சங்கத்திலிருந்து ஏழு பேர் ஆப்பிள் ஆரஞ்சோடு முப்பத்து நான்காம் எண்ணுக்கு வந்தார்கள். மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. பங்கஜவல்லிதான் பேசினாள்.

"இங்க பாரு ஜோதி, சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். நீ நல்ல பொண்ணு. கோதண்டபாணிக்குப் போட்டுப் போட்டு எங்களுக்கும் அலுத்துப்போச்சு. நம்ம தெருவுல நூத்தி நாப்பது ஓட்டு. மூணு தேர்தலா நம்ம தெரு எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கந்தான் வார்டே சாயுது. மொத்தமும் உனக்குத்தான். ஒண்ணே ஒண்ணு, அந்தக் கேள்விய மட்டும் கேக்காத."

"எந்தக் கேள்விக்கா?"

"எந்தக் கேள்வின்னு உனக்குத் தெரியும். வந்தவங்க வந்துட்டாங்க, அவங்கள நாங்க ஒண்ணும் போகச் சொல்லல. இருநூறோட போதும். இன்னிக்கு அங்க போ, கும்பிடு, நல்லா பேசு. பேசிட்டுச் சும்மா திரும்பி வந்துடு. எல்லாரும் உன் பின்னாடியே வந்து பாக்குறோம்."

நாகஜோதி தவசியைப் பார்த்தாள். அவன் ஒரு ஆரஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு கிடந்தது, 'நம்ம தெரு' என்று பங்கஜவல்லி அக்கா வாயாலேயே சொல்லிவிட்டாள். ஒரு கேள்விதானே, கேட்காவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? "சரிக்கா" என்றாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் முன்னால் நடக்க, சுங்கத் தெரு முழுக்கப் பின்னால் நடந்தது. முப்பத்து நாலைத் தாண்டி, தையல்காரரைத் தாண்டி, பூக்கட்டுபவர்களைத் தாண்டி, நூறையும் நூற்றைம்பதையும் தாண்டி, வழியெல்லாம் அங்கிட்டுக்காரர்கள் எழுந்து நின்று ஊர்க்காரம்மாவுக்குக் கும்பிடு போட, இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் வரை போனார்கள். அதுதான் அன்றைய கடைசி வீடு, முந்தின நாள்தான் முளைத்தது. வேர்க்கடலை வறுத்து விற்கும் ஏகாம்பரத்தின் வீடு. அவர் முந்தின நாள் நாகஜோதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாச்சும்மா ஒரு ஆள் இந்தக் கதவைத் தட்டி என்று கண்ணீர் விட்டவர்.

இன்று ஏகாம்பரம் சட்டியில் மணலைக் கிளறி, சூடான கடலையைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். தெருவிளக்கு பற்றி, சாக்கடை பற்றி, எல்லாம் பேசி முடிந்தது. நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கத் திரும்பினாள். கூட்டம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது ஏகாம்பரம் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், அவள் காதோடு சொன்னார்:

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒரு வேண்டுகோள். எங்களோட நிறுத்திக்குங்களேன். இன்னும் ஆள் வந்துட்டா எங்களுக்குத் தண்ணி எப்படிம்மா வரும்?"

நாகஜோதி அவரைப் பார்த்தாள். நேற்று அழுத அதே முகம், கண் வீக்கம்கூட இன்னும் வடியவில்லை. காலையில் ஏழு ஜோடிச் செருப்பைப் பார்த்துத் தான் பட்ட சந்தோஷம் அவளுக்கு ஞாபகம் வந்தது, வெட்கமாக இருந்தது, அழுகை வரும்போல இருந்தது. ஜெயிக்கலாம் என்று வந்த வாய்ப்பு ஒரு படி தூரத்தில் நின்றது. அந்தப் படியில் நின்றுகொண்டே, சுங்கத் தெரு முழுக்கக் கேட்கும்படி, சத்தமாகக் கேட்டாள்.

"இதுக்கு அங்கிட்டு வீடு இருக்காண்ணே?"

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிடலாம்தான். நாக்கு வரவில்லை. "இருக்கும்மா" என்றார்.

இருநூற்றுப் பதின்மூன்றாம் எண் வீட்டுக்குப் பச்சைக் கதவு. கதவு சாத்தியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. நாகஜோதி அதை நோக்கி ஓர் அடி வைப்பதற்குள் மணி ஐந்தாகி, பிரச்சார நேரம் முடிந்தது, இனி எந்த வேட்பாளரும் யார் கதவையும் தட்டக்கூடாது என்று போலீஸ் ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட" என்றாள் பங்கஜவல்லி. "ஒரு ஓட்டு, ஒரே ஒரு ஓட்டு இந்தத் தெருவுல உனக்கு விழுதான்னு பாக்குறேன்." கூட்டம் கடலைப் பொட்டலங்களோடு திரும்பிப் போனது. இனி சுங்கத் தெருக்காரர் எவரும் இருநூற்றுப் பன்னிரண்டைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது, எந்தக் கதவையும் தட்டக் கூடாது என்று அன்றே சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தீர்மானம் போட்டதுதான் தப்பாகப் போயிற்று. அதுவரை அங்கிட்டில் ஒரு வீடு முளைத்தால் உடனே கதவு திறக்கும், யார், என்ன, எத்தனை பிள்ளைகள் என்று பொழுது விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். இந்தப் பச்சைக் கதவு மட்டும் திறக்கவே இல்லை. சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்து நாலு வருஷமாக நடக்காதவர்கள் எல்லாம் அந்த வாரம் விடியற்காலையில் நடக்கக் கிளம்பி, சரியாக இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் வரை நடந்து, அங்கே நின்று மூச்சு வாங்கினார்கள். உள்ளே அம்மிச் சத்தம் கேட்டது என்றார் ஒருவர். இல்லை, குக்கர் விசில், ஆறு விசில், அப்படியானால் கறிதான் என்றார் இன்னொருவர். பெரிய குடும்பம் என்றார்கள், ஒண்டிக்கட்டை என்றார்கள். மாவு மில் வரிசையில் வேறு பேச்சே இல்லை. பங்கஜவல்லி மட்டும், "யாரா இருந்தா நமக்கென்ன?" என்று மாவை அள்ளி அள்ளிக் கொட்டினாள், கொட்டிவிட்டு, "பச்சைன்னா எந்தப் பச்சை? வேப்பிலைப் பச்சையா, கிளிப்பச்சையா?" என்று கேட்டாள்.

வாக்குப்பதிவு நாளன்று சுங்கத் தெரு முழுக்கப் போய் ஓட்டுப் போட்டது, விரலில் மையோடு திரும்பி வந்து, சீப்பில் குத்தவில்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டது. நாகஜோதி தன் ஓட்டையும் தவசியின் ஓட்டையும் கணக்கில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்தாள். சட்டம் இப்போது அவளைத் தடுக்கவில்லை, ஆனாலும் அவள் பச்சைக் கதவுக்குப் போகவில்லை. தோற்ற முகத்தோடு போய் அவர்களிடம் என்ன சொல்வது? காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டாள். தவசி ரசம் வைத்துக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் எண்ணினார்கள். பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் நாகஜோதி ஜெயித்தாள்.

கோதண்டபாணி இரண்டாம் முறை எண்ணச் சொன்னார், மறுபடியும் பதினேழு. சுங்கத் தெருவில் எவரும் அவளுக்குப் போடவில்லை. கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். பத்தொன்பதாம் எண்காரர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினார். பன்னிரண்டாம் எண்காரர், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, நான் போய்ச் சீப்புக்குப் போடுவேனா என்றார். வாக்குச் சாவடியின் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாக நிற்கிற நேரத்தில் மனிதருக்கு என்ன தோன்றும் என்பது யாருக்குத் தெரியும். அவள் தோற்றால் அந்தக் கதவு திறக்காமலே போய்விடும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முப்பத்து நான்காம் எண்ணின் கதவை யாரோ தட்டினார்கள். நாகஜோதி திறந்தாள். சலவைப் புடவை கட்டி, தலையில் மாவு படாமல் சீவி, கையில் தண்ணீர் பாட்டிலோடு பங்கஜவல்லி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், பால் வாங்க வந்தவர்கள், நடக்கக் கிளம்பியவர்கள், தற்செயலாக வெளியே வந்தவர்கள் என்று சுங்கத் தெரு மொத்தமும் நின்றது.

"நான் உனக்கு ஓட்டுப் போடல" என்றாள் பங்கஜவல்லி.

"தெரியும்க்கா."

"ஆனா நீ இப்ப கவுன்சிலர். போய்ப் பாக்க வேண்டியது உன் கடமை. தனியா போகாத, நானும் வர்றேன்."

போனார்கள். முப்பத்தைந்து, முப்பத்தாறு, ஐம்பத்தேழு, எழுபத்தாறு என்று போகப் போக அங்கிட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு மட்டும் ஆர்வம் இருக்காதா? ஏகாம்பரம் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். கதவு கிளிப்பச்சைதான். நாகஜோதி தட்டினாள்.

கதவு பாதி திறந்தது. தோளில் துண்டு போட்ட ஒரு மனிதர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்து, ஏதோ கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மனிதர் நாகஜோதியைப் பார்த்தார், பங்கஜவல்லியைப் பார்த்தார், அவர்களுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டின தூரம் நீண்டு கிடந்த தெருவையும், வீடுகளையும், ஜனங்களையும் பார்த்தார். முகம் கறுத்தது.

"வாங்க" என்றார், கதவை முழுதாகத் திறக்காமல். "இத்தன வருஷமா எங்க தெரு இந்த வீட்டோட முடிஞ்சிதுன்னுதான் இருந்தோம். ஆறு நாளா இந்தப் பக்கம் கடலை வறுக்குற வாசனை வருது. என்னடான்னு ஜன்னல்ல எட்டிப் பாத்தா, வீடா முளைச்சிக் கெடக்கு, முடியவே மாட்டேங்குது. எங்களுக்கு இருக்கறதே ஒரு டேங்க்கு. அதான் சங்கத்துல கூடிப் பேசிக்கிட்டிருக்கோம், கதவ அடைச்சிட்டு இங்க ஒரு செவுரு எழுப்பிடலாமான்னு."

நாகஜோதி வாய் திறக்கப் போனாள். அதற்குள் பங்கஜவல்லி தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். பதினோரு வருஷமாகச் சங்கச் செயலாளராக இருந்து எத்தனையோ பேரின் கும்பிடை வாங்கியவள், யாருக்கும் ஒரு கும்பிடு போட்டறியாதவள், அந்தப் பாதிக் கதவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா" என்றாள். "நாங்க ஒண்ணும் அதிகம் பேர் இல்லீங்க. இருநூத்திப் பன்னண்டே வீடுதான்."